இஃதிபார்: ஐயத்திலிருந்து அறிவுக்கு

பார்வை எவ்வாறு நிகழ்கிறது? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறதா, பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணைச் சேர்கிறதா? ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்களை இரு அணிகளாகப் பிரித்து வைத்திருந்த வினா இது. யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்தே கதிர்கள் செல்வதாகக் கொண்டு, அவ்வடித்தளத்தின்மேல் நேர்த்தியான வடிவ கணிதத்தை எழுப்பினர். அரிஸ்டாட்டில் அதனை ஏற்கவில்லை. வாதங்கள் இரு பக்கமும் இருந்தன. வழக்கு மட்டும் தீரவில்லை.

கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, ஃபாத்திமிய்யா ஆட்சிக் காலத்துக் கெய்ரோவில் வாழ்ந்த அபூ அலீ அல்ஹசன் இப்னுல் ஹைதம், ஏழு பாகங்கள் கொண்ட தமது 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் இவ்வழக்கை விசாரித்த முறை, அறிவியல் இயங்கும் பாங்கினை அறிய விரும்புவோர்க்கு இன்றும் ஒரு நல்ல பாடமாகும்.

அவர் எவரும் மறுக்க இயலாத அனுபவத்திலிருந்து தொடங்கினார். கதிரவனை உற்று நோக்கினால் கண் வலிக்கிறது. பேரொளியைக் கண்டபின் இமைகளை மூடினாலும் அதன் சாயல் சிறிது நேரம் நீடிக்கிறது. ஆகவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணில் வந்து தாக்குகிறது. அவ்வாறு வருவதே பார்வைக்குப் போதுமெனில், கண்ணிலிருந்து கதிர் செல்வதாகக் கூறுவது தேவையற்றதாகிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு கருதுகோள் பிறந்தது: ஒளியுள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்கோட்டில் பரவுகிறது. இது உண்மையானால், பல விளக்குகளின் ஒளி ஒரே சிறு துளையின் வழியே சென்றாலும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. இருட்டறையின் துளைக்கு எதிரே விளக்குகளை வரிசையாக வைத்து அவர் இதனைச் சோதித்தார். சுவரில் ஒவ்வொரு விளக்கிற்கும் தனித்தனி ஒளிப்பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது; மறைப்பை நீக்கியதும் அது மீண்டும் தோன்றியது. ஒளிகள் கலந்திருந்தால் அவருடைய கருதுகோள் அங்கேயே வீழ்ந்திருக்கும். தோற்பதற்கும் இடமளிப்பதே மெய்யான சோதனை.

இத்தகைய சோதனைக்கு அவர் கையாண்ட சொல் 'இஃதிபார்'. சூரத்துல் ஹஷ்ரின் 2ஆம் வசனம், பார்வையுடையோரைப் படிப்பினை பெறுமாறு அழைப்பதும் இதே சொல்லின் வினைவடிவத்தைக் கொண்டுதான் என்பது இங்கு எண்ணத்தக்கது.

எனினும் அவருடைய விளக்கங்கள் அனைத்தும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் கண்ணின் பரப்பு முழுவதிலும் விழுமானால் காட்சி குழம்பாதிருப்பது ஏன்? செங்குத்தாக விழும் கதிர்களே பார்வைக்குப் பயன்படுகின்றன என்றார் அவர். 1604இல் கெப்ளர், ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்களெல்லாம் விழித்திரையில் மீண்டும் ஒரு புள்ளியில் குவிகின்றன என்றும், அங்கு உருவம் தலைகீழாக விழுகிறது என்றும் காட்டினார். பின்னர் மாட்டுக் கண்ணின் பின்புறத் தோலைச் சீவி நோக்கியவர்கள் அத்தலைகீழ் உருவத்தை நேரில் கண்டனர்.

வானவில்லைப் பற்றியும் அவ்வாறே. மேகம் ஒரு குழியாடிபோல் ஒளியைத் திருப்புவதால் வில் தோன்றுவதாக இப்னுல் ஹைதம் கருதினார். சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அவருடைய ஒளியியல் நூலுக்கே விரிவுரை எழுதிய கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளிக்கு ஈடாக இருட்டறையில் வைத்து ஆராய்ந்தார். ஒளி துளிக்குள் நுழைகையில் விலகி, உள்ளே எதிரொளித்து, வெளியேறுகையில் மீண்டும் விலகுகிறது என்று கண்டார். ஆசானின் முடிவைக் கைவிட்டார். ஆசானின் முறையையோ கைவிடவில்லை.

இதில் நமக்கு இரு படிப்பினைகள் உள்ளன. ஒன்று, அறிவியலில் கோட்பாடு என்பது வெறும் ஊகமன்று. பல சோதனைகளைக் கடந்து நிற்கும் விளக்கம் அது. மற்றொன்று, அவ்விளக்கமும் திருத்தத்திற்கு அப்பாற்பட்டதன்று. ஆகவே புதிய கோட்பாடு ஒவ்வொன்றையும் இறைவசனத்தோடு அவசரமாகப் பிணைப்பது மார்க்கத்திற்கும் அறிவியலுக்கும் நன்மை தராது. நாளை கோட்பாடு திருத்தப்படும், வசனம் மாறாது. இடையில் குழம்புவது இளைஞர்களின் உள்ளமே.

தாலமியின் மீதான ஐயங்களை எழுதிய நூலில் இப்னுல் ஹைதம், உண்மையை நாடுவோர் முன்னோரின் கூற்றுகளை மட்டுமின்றித் தம்மையும் ஐயுற வேண்டும் என்கிறார். மேடைகளில் அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அப்பெருமைக்கு நாம் உரியவராவது, அல்ஃபாரிஸீயைப் போல் அவரிடமே வினாத் தொடுக்கத் துணியும் மாணவர்களை நம் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் உருவாக்கும்போதுதான்.