கால்வழி, கல்லறை, கடல்: வடசென்னையில் இறந்தோர் நினைவு நாள்கள்

முன்னுரை

இறந்தோரை நினைக்கும் விழாக்களை மேலைநாட்டார் இலையுதிர் காலத்தோடு இணைப்பர். தமிழர் பொழுதுப் பகுப்பில் புரட்டாசி கார்காலத்திலும் ஐப்பசி கூதிர்காலத்திலும் அடங்கும். வடசென்னையில் மகாளய அமாவாசையும் கல்லறைத் திருநாளும் இம்மழைப் பருவங்களிலேயே வருகின்றன. மார்கழியில் ஆழிப்பேரலை நினைவு நாள் அவற்றைத் தொடர்கிறது. இம்மூன்றும் இறந்தவரை எவ்வாறு அடையாளப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கால்வழி

புரட்டாசி அமாவாசையன்று திருவொற்றியூர், காசிமேடு கடற்கரைகளில் எள்ளும் நீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்வர். தந்தை, பாட்டன், கொள்ளுப்பாட்டன் என மூன்று தலைமுறையினர் பெயர் சொல்லப்படும். மகாளயத்தில் காருணிக பித்ருக்கள் என்ற வகையில் பிற உறவினரும் ஆசிரியரும் நண்பரும் சேர்வர். உடல் எங்கே உள்ளது என்பது இங்குப் பொருட்டன்று. ஆனால் மரபுப்படி கடன் செய்வோர் ஆண்மக்களே.

கல்லறை

நவம்பர் 2 அன்று நிகழும் கல்லறைத் திருநாள், குளூனி மடத்தலைவர் ஓதிலோ தம் மடங்களில் நிலைபெறச் செய்த வழக்கத்திலிருந்து பரவியது. புனித இராயப்பர் பெயரால் அமைந்த இராயபுரத்தை அடுத்த காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், குடும்பத்தினர் புல் செதுக்கி, வெள்ளையடித்து, மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றுவர். குருவானவர் கல்லறைகளை மந்திரிப்பார். இங்கு மகளும் மருமகளும் மகனுக்கு நிகராகக் கடன் செய்கின்றனர். ஆயின், நினைவுக்குக் குறிப்பிட்டதோர் இடம் வேண்டும். பெயர் பொறித்த கல்லின் முன் படையலிடும் நடுகல் மரபு இதனோடு ஒப்பிடத்தக்கது.

கடல்

கடலுக்குச் சென்று திரும்பாத மீனவருக்குக் கல்லறை இல்லை. குழந்தையாய் இறந்தவருக்குக் கடன் செய்ய மகன் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்விரு இழப்புகளையும் ஒரே நாளில் பெருக்கியது. அந்நாளில் ஆண்டுதோறும் காசிமேட்டு மக்கள் கடலில் பால் ஊற்றி, மலர் தூவி, மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். இதற்குத் திதி கணிக்க வேண்டுவதில்லை; புரோகிதரோ குருவானவரோ கட்டாயமில்லை. எனினும் பால் ஊற்றுதல் ஈமச் சடங்கின் பால்தெளிப்பையும், மெழுகுவத்தி கல்லறைத் திருநாளையும் நினைவூட்டுகின்றன. சமயம் சாராத இந்நினைவு நாள் சமயச் சடங்குகளின் உறுப்புகளாலேயே அமைந்துள்ளது.

முடிவுரை

இறந்தவரை மகாளயம் உறவாலும், கல்லறைத் திருநாள் இடத்தாலும், ஆழிப்பேரலை நினைவு நாள் இறந்த நாளாலும் அடையாளப்படுத்துகின்றன. முதலிரண்டிலும் இடம்பெறாதோர் மூன்றாவதில் இடம்பெறுகின்றனர். எனவே நெய்தல் நில நினைவுச் சடங்குகளை ஆராய்வோர், சமயம் சார்ந்தவை, சாராதவை என்னும் பகுப்பிற்கு முன், உடல் கரைக்கு வந்ததா என்னும் வினாவை எழுப்புதல் தகும்.