தரவரிசைத் தேர்வுகளில் இசை அறிமுறை: கடபயாதி முறையும் ஆசிரியர் சான்றிதழும்

திறவுச்சொற்கள்: கருநாடக இசை, தரவரிசைத் தேர்வு, ஆசிரியர் தரம், அறிமுறை, கடபயாதி, மேளகர்த்தா

முன்னுரை

கருநாடக இசையைக் கற்பிப்பவர் தம் குருவின் பெயரையே தகுதிச் சான்றாகக் காட்டிய நிலை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாறத் தொடங்கியது. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய இசைக்கல்லூரி 'சங்கீத பூஷணம்' என்னும் பட்டத்தை வழங்கியது. 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி இசையாசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு கல்லூரியை நிறுவியது. அதே ஆண்டில் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றியது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் இசைப் பட்டய வகுப்பைத் தொடங்கியது. குருவின் சொல் இருந்த இடத்தைச் சில ஆண்டுகளுக்குள் தேர்வுத்தாள் பகிர்ந்துகொண்டது எனலாம். செய்முறை, அறிமுறை என்னும் இரு கூறுகளுள் அறிமுறைத் தேர்வு ஓர் ஆசிரியரைக் குறித்து எதற்குச் சான்று பகர்கிறது என்பதை, கடபயாதி முறையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏணியும் அதன் உச்சிப்படியும்

படிப்படியான தரத்தேர்வு என்னும் அமைப்பு பிரித்தானிய மரபினது. 1889இல் இலண்டனில் உருவான அசோசியேட்டட் போர்டு அமைப்பு இன்றும் எட்டுத் தரங்களில் தேர்வு நடத்துகிறது; கற்பித்தலுக்கான பட்டயங்களை அவ்வேணிக்கு அப்பால் தனியே வைத்துள்ளது. வட இலங்கைச் சங்கீத சபையின் அமைப்பு இதனின்று வேறுபட்டது. அங்கு மாணவர் ஏறும் ஏணியின் உச்சிப்படியே 'ஆசிரியர் தரம்'. அதில் சித்தியடைந்தோர் 'கலாவித்தகர்' எனப்படுவர். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் இசைத் தேர்வு கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகளைக் கொண்டது. பள்ளி ஆசிரியராவதற்குரிய தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி அதனின்று வேறானது. நன்கு கற்றவர் கற்பிக்கவும் வல்லவர் என்னும் கருத்து முதல் ஏற்பாட்டில் உள்ளுறையாக அமைந்துள்ளது. கற்பிக்கும் முறை தனியே பயிலத்தக்கது என்பதை இரண்டாவது ஏற்பாடு ஏற்கிறது. எனினும் அறிமுறைத் தாளில் கேட்கப்படும் வினாவின் இயல்பு இரண்டிலும் பெரிதும் வேறுபடுவதில்லை.

தமிழ் எழுத்தில் கடபயாதி

72 மேளகர்த்தா முறைக்கு 17ஆம் நூற்றாண்டின் வேங்கடமகி வித்திட்டார். பிற்காலத்தில் வழங்கிய கனகாங்கி, ரத்னாங்கி முதலிய பெயர்கள் கடபயாதி என்னும் எழுத்தெண் முறைக்கு இயைய அமைக்கப்பட்டன. இம்முறையில் வடமொழி மெய்களுள் க வரிசை முதல் ஞ வரை 1 முதல் 9 வரையும் இறுதிக்கு 0மும் எண்களாகும். ட முதல் ந வரை இவ்வாறே. ப வரிசைக்கு 1 முதல் 5 வரையும், ய முதல் ஹ வரை 1 முதல் 8 வரையும் கொள்ளப்படும். பெயரின் முதல் ஈரெழுத்துகளின் எண்களைத் தலைகீழாக வைத்தால் மேள எண் கிடைக்கும். (கூட்டெழுத்து வருமிடங்களில் எந்த மெய்யைக் கொள்வது என்பதில் சில நெகிழ்வுகள் உண்டு.) மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, ஆகவே 15.

இந்த எடுத்துக்காட்டே பாடநூல்களில் முதலில் இடம்பெறுவது வழக்கம். மகரமும் யகரமும் தமிழிலும் வடமொழியிலும் ஒன்றாக நிற்பதால் இங்கு இடர் எழுவதில்லை. அடுத்தடுத்த மூன்று மேளங்களை நோக்கினால் நிலை வேறாகும். கீரவாணி 21, கரகரப்பிரியா 22, கௌரிமனோகரி 23. தமிழ் எழுத்தில் மூன்றும் ககரத்தில் தொடங்கி ரகரத்தைத் தொடர்கின்றன. தமிழ் எழுத்தைக் கொண்டு மட்டும் கணக்கிடும் மாணவருக்கு மூன்றுக்கும் 21 என்னும் விடையே வரும். முதலாவதன் ககரம் வல்லொலி, இரண்டாவதன் ககரம் மூச்சொலி சேர்ந்த வல்லொலி, மூன்றாவதன் ககரம் அதிர்வொலி என்பதே வேறுபாடு. இதனைத் தமிழ் நெடுங்கணக்கு காட்டுவதில்லை. தானரூபி 6, தேனுகா 9 என்பனவும் இத்தகையனவே. இவ்விரண்டிலும் வரும் னகரத்தை வடமொழி நகரமாகக் கொண்டு 0 எனக் கணக்கிட வேண்டும் என்பது கூடுதல் நுட்பம்.

பிழை எண்ணோடு நிற்பதில்லை. மூன்று மேளங்களுக்கும் சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம் பொது. 22ஆம் மேளத்துக்குச் சதுஸ்ருதி தைவதமும் கைசிகி நிஷாதமும், 21ஆம் மேளத்துக்குச் சுத்த தைவதமும் காகலி நிஷாதமும் உரியவை. ஓர் எண் பிறழின் உத்தராங்கமே மாறிவிடும்.

தேர்வுத்தாள் இதனைக் கண்டுகொள்வதில்லை. 'கரகரப்பிரியா எத்தனையாவது மேளம்?' என்பதற்கு 22 என எழுதியவர் கணக்கிட்டு எழுதினாரா, அட்டவணையை மனனம் செய்து எழுதினாரா என்பதை மதிப்பெண் வேறுபடுத்தாது. பாடுவதை மட்டும் நாடும் மாணவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. ஆசிரியரின் நிலை அத்தகையதன்று. ஏன் 22 என்று மாணவர் வினவும்போது, அட்டவணையை மனனம் செய்தவரால் அட்டவணையை மட்டுமே தர இயலும். பெயரிலிருந்து சுரங்களை மீட்டெடுப்பதற்கென அமைந்த கருவி, தமிழ்வழி வகுப்பில் நினைவுச் சுமையாக மாறுவது இவ்வாறே.

இதற்குரிய தீர்வு தமிழ் அச்சு மரபிலேயே உள்ளது என்பது நோக்கத்தக்கது. வடமொழிக் கீர்த்தனைகளைத் தமிழில் அச்சிட்டோர் க, க², க³, க⁴ என எழுத்தின் தோளில் எண்ணிட்டு ஒலிப்பை வேறுபடுத்தினர். ககர, டகர, பகரங்களில் அந்த எண்ணே கடபயாதி எண்ணுமாகும் (எண்ணிடாத எழுத்து 1). சகர, தகரங்களில் அதனுடன் 5ஐக் கூட்டினால் போதும்: தீரசங்கராபரணத்தின் தகரம் த⁴, ஆகவே 9, ரகரம் 2, மேளம் 29. எளிமை கருதி இவ்வெண்களை நீக்கிய பாடநூல்கள் ஒலிப்புக் குறிப்போடு கணக்கின் திறவுகோலையும் நீக்கிவிட்டன.

எழுத்தில் அடங்காத இலக்கணம்

எழுத்துமுறையைச் செம்மைப்படுத்தினாலும் தாளில் அடங்காத ஒரு பகுதி எஞ்சுகிறது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணங்கள் ஒன்றே. காந்தாரத்திலும் நிஷாதத்திலும் நில்லாது கடந்து, துரித நடையில் பொலிவது ஆரபி. சௌக நடையும் கமக நீட்சியும் தேவகாந்தாரியின் உயிர். 'இராக இலக்கணம் எழுதுக' என்னும் கட்டுரை வினா சஞ்சாரங்களை எழுதச் செய்வதால் இவ்வேறுபாட்டை ஓரளவேனும் தொடுகிறது. கொள்குறி வினா அதனையும் இழக்கிறது.

தேர்வுகளின் போக்கோ கொள்குறி வினாவையே நாடுகிறது. அசோசியேட்டட் போர்டின் அறிமுறைத் தேர்வில் முதல் ஐந்து தரங்களில் இசைவரி இயற்றும் வினா 2018 முதல் நீங்கியது. பின்னர் அத்தரங்கள் கணினிவழித் தேர்வாயின. தமிழ்நாட்டில் 2017இல் நடைபெற்ற சிறப்பாசிரியர் தெரிவிலும் கொள்குறி வகைத் தேர்வே அமைந்தது. திருத்துவோரின் விருப்பு வெறுப்புக்கு இதில் இடமில்லை என்பது சிறிய நன்மையன்று. குருவின் பரிந்துரை இல்லாதவருக்கு அதுவே வாயில். ஆயினும் ஆசிரியர் தரத்துக்கு மட்டுமேனும் வேறு வகை வினாக்கள் வேண்டும். கீரவாணி, கரகரப்பிரியா, கௌரிமனோகரி ஆகியவற்றைத் தமிழில் எண்குறியின்றித் தந்து, ஒலிப்பெண் இட்டு மேள எண்ணைப் பெறும் வழியை விளக்குமாறு கேட்கலாம். ஆரபியிலும் தேவகாந்தாரியிலும் ஒரே சுரத்தொடரைப் பாடிக்காட்டி, வேறுபாட்டைத் தொடக்கநிலை மாணவருக்குச் சொல்வது போல் சொல்லுமாறு நேர்காணலில் பணிக்கலாம். இரண்டுக்கும் பாடத்திட்டத்தில் புதிதாக எதனையும் சேர்க்க வேண்டியதில்லை. செய்முறைத் தேர்வாளரும் அறிமுறைத் தேர்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும்.