வேதக்காரரின் கியாமத் விவாதம்: நாம் அறிய வேண்டியவை

கிறிஸ்தவர்கள் இறுதி நாளைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்று கேட்டால், நம்மில் பலரிடம் ஒரே பதில்தான் இருக்கும். "யூதரெல்லாம் பலஸ்தீன்ல கூடணும், பைத்துல் முகத்தஸில கோயில் கட்டணும், பிறகுதான் ஈஸா நபி வருவாங்க எண்டு அவங்கட கிதாபுல இருக்காம்." மேடைகளிலும் கைபேசிக் காணொளிகளிலும் இதையே கேட்டு வருகிறோம். அப்படி நம்பும் கிறிஸ்தவர்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் ஏறக்குறைய இரண்டாயிரம் வருட விவாதத்தில் அது ஒரு கட்சி மட்டுமே. இன்றைய வடிவில் அதன் வயது இருநூறு வருடத்துக்குள்தான்.

நான் உத்தியோகம் பார்க்கும் களுவாஞ்சிக்குடியில் ஒரே கந்தோருக்குள் இந்தக் கட்சிகளைக் காணலாம். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர், ஒருவர் கல்லாற்று மெதடிஸ்தர். மூத்தவரான அந்த மெதடிஸ்தரிடம் இதுபற்றிக் கேட்டேன். "தம்பி, இது எங்களுக்குள்ளயே தீராத கதை. ஆயிரம் வருசம் எண்டா என்ன எண்டு கேளுங்க, மூண்டு பேரும் மூண்டு விதமாச் சொல்லுவம்" என்று சிரித்தார்.

அவர் சொன்ன 'ஆயிரம் வருடம்' தான் முடிச்சு. புதிய ஏற்பாட்டின் கடைசி நூல் வெளிப்படுத்தின விசேஷம். அதன் 20ஆம் அதிகாரம் ஷைத்தான் ஆயிரம் வருடம் கட்டப்பட்டிருப்பதையும், அக்காலத்தில் கிறிஸ்து ஆள்வதையும் பேசுகிறது. இதை வாசிக்க மூன்று வழிகள் உண்டு. முதல் வழி: கிறிஸ்து முதலில் வருவார், பிறகு பூமியில் ஆயிரம் வருடம் ஆள்வார். இரண்டாவது: நற்செய்தி பரவி உலகம் நல்வழிப்பட்ட ஒரு நீண்ட காலத்துக்குப் பிறகே அவர் வருவார். மூன்றாவது: ஆயிரம் என்பது எண்ணே அல்ல, திருச்சபையின் காலம் முழுவதற்குமான உருவகம். இரண்டாம் நூற்றாண்டில் இரேனியு சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் உருவகப் பொருளை நிலைநிறுத்தினார். கத்தோலிக்கத் திருச்சபை பெரும்பாலும் அகுஸ்தீன் வழியிலேயே நின்றது.

அடுத்த விவாதம் நம்மை நேராகத் தொடுகிறது. அந்த நூலில் வரும் மிருகம், வெட்டுக்கிளிகள், கோகு மாகோகு எல்லாம் யார்? இவை ரோமப் பேரரசுக் காலத்திலேயே நடந்து முடிந்தவை என்பது ஒரு சாராரின் கருத்து. இனிமேல்தான் நடக்கும் என்பது இன்னொரு சாராரின் கருத்து. வரலாறு முழுவதும் ஒவ்வொன்றாக நடந்து வருகிறது என்றவர்கள்தான் நம்மை உள்ளே இழுத்தார்கள். 1529இல் உதுமானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. அடுத்த வருடம் மார்ட்டின் லூதர் அந்நூலுக்கு எழுதிய புதிய முன்னுரையில் துருக்கியரைக் கோகு மாகோகு என்றார். அவர் பாப்பரசரையும் விடவில்லை. அவருக்குப் பின் வந்த உரையாசிரியர் பலர் வெட்டுக்கிளிக் கூட்டம் என்பது அரபு முஸ்லிம்களே என்று எழுதினார்கள்.

தேதி குறித்தவர்களும் இருந்தார்கள். வேதத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருடம் என்று கொண்டு, 1840 ஆகஸ்ட் 11இல் உதுமானிய ஆட்சி வீழும் என்று அமெரிக்காவில் ஜோசையா லிட்ச் கணக்கிட்டார். சுல்தானின் ஆட்சி 1922 வரை இருந்தது. வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 ஒக்டோபர் 22ஆம் திகதி விடியவிடியக் காத்திருந்து ஏமாந்தார்கள். நமக்குக் கிட்டவும் நடந்தது: தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு, 1881இல் கிறிஸ்து வருவார் என்று திருவிதாங்கூரில் அறிவித்தார். அதுவும் பொய்த்தது. இந்த ஆசை மெதடிஸ்தரின் மூலவர் ஜோன் வெஸ்லியையும் நெருங்கியது. அவர் பயன்படுத்திய ஜெர்மானிய உரையாசிரியர் பெங்கல் 1836ஐக் குறித்திருந்தார். வெஸ்லியோ தேதி விடயத்தில் தமக்குக் கருத்தே இல்லை என்று எழுதி ஒதுங்கிக்கொண்டார்.

இனி பலஸ்தீன். நாம் கேட்டுப் பழகிய அந்தக் கட்சியை 1830களில் ஒழுங்குபடுத்தியவர் ஜோன் நெல்சன் டார்பி. விசுவாசிகள் முதலில் இரகசியமாக மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு மகா உபத்திரவம், யூதருக்கான வாக்குறுதிகள் தனியே நிறைவேறும் என்பது அதன் சாரம். 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்டின் குறிப்புரை வேதாகமம் இதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. 1948ஐயும் 1967ஐயும் இக்கட்சியினர் தீர்க்கதரிசனத்தின் நிறைவேற்றமாகக் கண்டார்கள். இதைக் கண்டித்தவர்களும் கிறிஸ்தவர்களே. 2006 ஆகஸ்டில் ஜெரூசலத்தின் லத்தீன் கத்தோலிக்க, சிரிய ஓர்த்தடொக்ஸ், அங்கிலிக்கன், லூதரன் தலைவர்கள் நால்வர் கூடிக் கையொப்பமிட்டு, கிறிஸ்தவ சியோனிசம் பிழையான போதனை என்று நிராகரித்தார்கள். இந்தச் செய்தி நம் மேடைகளில் ஏறுவதே இல்லை.

"நமக்கேன் அவங்கட சண்டை?" என்று சிலர் கேட்கலாம். நம்மிடமும் இந்த நோய் இல்லாமல் இல்லை. ஈஸா (அலை) இறங்குவார்கள், தஜ்ஜால் வருவான் என்பது நம் ஈமானோடு சேர்ந்தது. கியாமத்தின் நேரம் அல்லாஹ்விடம் மட்டுமே உள்ளது என்பதும் அப்படித்தான். இருந்தும் ஹிஜ்ரி 1400 பிறந்த அன்று, 1979 நவம்பர் 20இல், ஜுஹைமானின் கூட்டம் ஒருவரை மஹ்தி என்று அறிவித்து மக்கா ஹரமுக்குள் ஆயுதத்தோடு நுழைந்தது. கடைசிக்காலப் போர் பற்றிய ஹதீஸில் வரும் தாபிக் என்ற சிரியக் கிராமத்தின் பெயரை ஐஎஸ் தன் சஞ்சிகைக்கு வைத்தது. 2016 ஒக்டோபரில் அந்தக் கிராமம் அவர்கள் கையைவிட்டுப் போனது. சொன்ன பெரும்போர் நடக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் மாண்டார்கள். அன்றைய தாக்குதல்களுக்கு உரிமை கோரியது அதே ஐஎஸ்தான்.

இறுதி நாளை நம்புவதில் ஆபத்தில்லை. அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேதியையும், எதிரி என்று அயலவனின் பெயரையும் எழுதிவைக்கும்போதுதான் இரத்தம் சிந்துகிறது. அந்த நாளும் நேரமும் எவருக்கும் தெரியாது என்று மத்தேயு 24ஆம் அதிகாரமும் சொல்கிறது. இந்த இடத்தில் இரு கிதாபுகளும் ஒன்றுபடுகின்றன. எனவே கடைசிக்காலம் பற்றி எவர் பயான் செய்தாலும், எந்தப் போதகர் பிரசங்கித்தாலும், "இதைக் கேட்டுவிட்டு நான் தொழுகையிலும் தர்மத்திலும் கூடுகிறேனா, அடுத்த ஊரானை வெறுக்கிறேனா?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். சந்தேகம் வந்தால் அந்த அடுத்த ஊரானிடமே போய் விசாரிக்கலாம். களுவாஞ்சிக்குடியில் எனக்கு அதற்கு ஒரு பிளேன் ரீச் செலவுதான் ஆனது.