இருவர் கயாக் ஏன் அகலமாக இருக்க வேண்டும்?

திருப்பதி மாவட்டத்துச் சூளூர்பேட்டையை ஒட்டி விரியும் பழவேற்காடு ஏரி பெரும்பாலும் ஆழமற்றது. ஆனால் திறந்த வெளி. காற்று சட்டென அலை எழுப்பிவிடும். இப்படிப்பட்ட நீருக்கு இருவர் கயாக் வாங்குவதானால் முதலில் அகலத்தைப் பாருங்கள். படகு சாயும் பக்கம் கூடுதல் நீரை விலக்குகிறது. மிதப்பு விசை அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. அகலம் கூடக்கூட இந்த வலிமை பன்மடங்காகும். 80 முதல் 90 செ.மீ. போதும், மிஞ்சினால் வேகம் போய்விடும், துடுப்புப் போடவும் கை எட்டாது.

நீளம் 4 மீட்டராவது இருக்கட்டும், இல்லையேல் இருவர் துடுப்பும் இடிக்கும். எடை கூடியவர் பின்னால் உட்கார்ந்தால் படகு நேராகப் போகும்.

ஆழம் குறைவுதானே என்று லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கரையில் விட்டுவிடாதீர்கள். சேற்றில் கால் புதையும்.