முதல் மெய்ன் குதிரைப்படை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புக்காகச் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் நிரந்தரச் சிப்பாய்கள் அல்லர். மாநிலங்கள்தாம் ஆள் திரட்டி ரெஜிமென்ட் ரெஜிமென்ட்டாக அனுப்பின. வடகிழக்குக் கோடியில் இருக்கும் மெய்ன் மாநிலம் அப்படி 1861 இறுதியில் திரட்டியதுதான் முதல் மெய்ன் குதிரைப்படை. மூன்றாண்டு சேவைக்குக் கையெழுத்திட்ட தன்னார்வலர்கள் இவர்கள். முதல் குளிர்காலம் அகஸ்டா நகரில், கூடாரத்தில் கழிந்தது. எதிரியின் முகத்தைப் பார்க்கும் முன்பே பலரை நோய் கொண்டுபோய்விட்டது.

தொடக்கத்தில் தளபதிகளுக்குக் குதிரைப்படையை எப்படிப் பயன்படுத்துவது என்றே பிடிபடவில்லை. கடிதம் கொண்டுபோக, வண்டிகளுக்குக் காவல் நிற்க என்று துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். 1863 தொடக்கத்தில் வடதரப்பு ஜெனரல் ஹூக்கர் குதிரைப்படையினரை ஒரே அணியாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஆண்டு ஜூன் 9 அன்று வர்ஜீனியாவின் பிராண்டி ஸ்டேஷனில், தங்கள் பிரிகேடின் மற்ற இரு ரெஜிமென்ட்டுகள் பின்வாங்கிய நேரத்தில், மெய்ன் வீரர்கள் ஃப்ளீட்வுட் குன்றின் மேல் பாய்ந்தார்கள். எட்டு நாள் கழித்து ஆல்டியில் அவர்களுடைய கர்னல் கால்வின் டௌட்டி குண்டு பட்டு இறந்தார்.

குதிரைப்படை என்றால் வாளைச் சுழற்றிக்கொண்டு பாய்வதுதான் நம் கண்முன் வரும். உண்மையில் போர் நீள நீள, அவர்கள் பெரும்பாலும் இறங்கி நின்றே சுட்டார்கள். நால்வரில் ஒருவர் மற்ற மூவரின் குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். மூவர் கார்பைன் துப்பாக்கியோடு முன்னே போவார்கள். சண்டைக்குப் போவதற்கு முன்பே கால்வாசிப் பலம் குறைந்துவிடும். ஆனாலும் வேகமாக ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்து, காலாட்படை வரும்வரை தாக்குப்பிடிக்க இதைவிட நல்ல வழி அன்று இல்லை. 1865 ஏப்ரலில் அப்போமாட்டக்ஸில் நடந்ததும் அதுதான். தென்தரப்பு ஜெனரல் லீயின் படை தப்பிக்க இருந்த சாலையை மறித்து நின்றவர்களில் இவர்களும் உண்டு. காலாட்படை வந்தது, லீ சரணடைந்தார்.

சண்டையில் இந்த ரெஜிமென்ட் இழந்தவர்கள் 174 பேர். வடதரப்பின் வேறு எந்தக் குதிரைப்படை ரெஜிமென்ட்டும் இத்தனை பேரைக் களத்தில் பலிகொடுத்ததில்லை. நோயில் இறந்தவர்களோ 344 பேர், ஏறக்குறைய இருமடங்கு. எந்த ரெஜிமென்ட்டின் வரலாற்றைப் படித்தாலும், போர்க்களப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். நோயில் போனவர்களின் கணக்கையும் தேடிப் படியுங்கள்.