இரு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றைத் தெரிதல்

மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் பெறுதல் அரிது. அங்ஙனம் அரிதாகிய இடம் ஒருவர்க்கு இரண்டாக வாய்க்குமாயின், மகிழ்ச்சியோடு மனக்கலக்கமும் உடன்வருதல் இயல்பே. இடம் கிட்டாதவர் காத்திருப்பர். இரண்டு கிட்டியவரோ சின்னாட்களுள் ஒன்றைக் கைவிட்டே தீர்தல் வேண்டும். நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் மாணாக்கருள் நீட் பரீட்சையை மீண்டும் எழுதுவோர் உளர்; தம்பி தங்கையரை அப்பரீட்சைக்கு அனுப்பியிருப்போரும் உளர். ஆதலின் இத்தெரிவை எம்முறையிற் செய்வது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இரண்டு இடங்கள் ஒருவர்க்கு எங்ஙனம் வருகின்றன என்பதை முதற்கண் அறிதல் நலம். அரசினர் மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் அடங்கும். எஞ்சியவற்றை அந்தந்த மாநிலத்தாரே நிரப்புவர். கலந்தாய்வுகளும் இரண்டு, ஒன்று மத்திய அரசினர் நடத்துவது, மற்றொன்று மாநிலத் தேர்வுக்குழுவினர் நடத்துவது. ஒரே மதிப்பெண்ணைக் கொண்டு இரண்டிலும் கலந்துகொள்ளலாம். எனவே, கல்கத்தாவில் 1835ஆம் ஆண்டிலேயே தோன்றிய பழம்பெருங் கல்லூரி ஒரு கையிலும், 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒருங்கே திறக்கப்பெற்ற பதினொரு கல்லூரிகளுள் ஒன்றாகிய இராமநாதபுரத்துக் கல்லூரி மறு கையிலுமாக ஒரு மாணவி நிற்றல் கூடும்.

இந்நிலையில் உற்றார் உறவினர் பெரும்பாலும் பெயரையே நோக்குவர். “பழைய கல்லூரி, பெரிய நகரம், இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?” என்பர். பெயரை இகழ்தல் எம் கருத்தன்று. ஆயினும், இரு கல்லூரிகளும் அளிக்கும் பட்டம் ஒன்றே. தேசிய மருத்துவ ஆணையத்தார் வகுத்த பாடத்திட்டமும் ஒன்றே. நான்கரை ஆண்டு படிப்பும் அதன்மேல் ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சியும் எங்கும் பொது. ஆகவே, பட்டத்தில் இல்லாத வேற்றுமை வேறெங்கே உளது என்று தேடுதல் வேண்டும்.

தமிழ் பயில்வோன் ஆதலின் எனக்கு இவ்விடத்துத் திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் நினைவிற்கு வருகின்றது. மருத்துவத்திற்கு உறுப்புக்கள் நான்கு என்று கூறும் வள்ளுவர், நோயுற்றவனை முதலில் வைத்து, அவன் பின்னரே மருத்துவனையும், மருந்தையும், அருகிருந்து பேணுவோனையும் வைக்கின்றார். கல்லூரியைத் தெரிவதிலும் இம்முறையே தக்கது என்பது என் துணிபு. கட்டடத்தையும் பெயரையும் பின்னர்க் காண்க. இங்கு யான் எந்நோயாளரைக் காண்பேன், அவருடன் எங்ஙனம் உரையாடுவேன் என்பதனை முதலிற் கேட்க.

முதலாவது, மொழி. நோயாளி தன் நோயைச் சொல்லும் சொல்லே மருத்துவனுக்குக் கிடைக்கும் முதற் சான்று. நம் மக்கள் வலி என்னும் ஒரு சொல்லோடு நில்லார். குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு, எரிச்சல் வேறு. நெஞ்சு கரிக்கிறது என்பவரும் நெஞ்சை அடைக்கிறது என்பவரும் ஒன்றையே சொல்லுகின்றாரல்லர். இழுப்பு என்னும் சொல் மூச்சுத்திணறலையும் குறிக்கும், வலிப்பையும் குறிக்கும். எதனைக் குறிக்கின்றது என்பது சொல்வோர் ஊரையும் சூழலையும் பொறுத்தது. இந்நுட்பங்களைத் தாய்மொழியில் உணரும் மாணவி வேற்று மாநிலம் செல்வாளாயின், அம்மாநிலத்துக் கிழவியரின் சொற்களை அவள் புதிதாகக் கற்றல் வேண்டும். முதலாண்டின் தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழி கற்பித்தற்கும் இடம் வைத்துள்ளனர். முயல்வோர்க்கு அஃது இயலாத காரியமன்று. இன்னொரு மொழி அறிதல் செல்வமுமாம். ஆயினும் அம்முயற்சி தனக்கு உண்டா என்று ஒருவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, படுக்கையும் மாணாக்கர் தொகையும். 1910ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பார் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் மருத்துவரல்லர், பள்ளி ஆசிரியராயிருந்தவர். மாணாக்கரைச் சேர்க்கும் தகுதி, ஆசிரியர், பொருள்நிலை, ஆய்வுக்கூடம், ஆஸ்பத்திரித் தொடர்பு என்னும் ஐந்தையே அவர் கேட்டார். விளம்பரத்தில் மருத்துவமனை உண்டு என்று அச்சிட்டிருந்தும், மாணாக்கர் நோயாளியை அணுக இயலாத பள்ளிகள் பல அவரால் வெளிப்பட்டன. அவ்வினா இன்றும் பயனுடையது. 2023ஆம் ஆண்டின் விதிப்படி, ஆண்டொன்றுக்கு 100 மாணாக்கரைச் சேர்க்கும் கல்லூரிக்கு 420 படுக்கைகளும், 250 மாணாக்கரைச் சேர்ப்பதற்கு 900 படுக்கைகளும் இருத்தல் வேண்டும். வகுத்துப் பார்ப்பின், சிறிய கல்லூரியில் ஒரு மாணாக்கர்க்கு நான்குக்கு மேலும், பெரியதில் நான்குக்குக் குறைவாகவும் படுக்கைகள் வரும். இது குறைந்த அளவே. பழைய ஆஸ்பத்திரிகளில் படுக்கைகள் இதனினும் மிகப் பல; அரிய நோய்கள் அங்கே வந்து சேரும்; மேற்படிப்பு மாணாக்கரும் மிகுதி. மேற்படிப்பு மாணாக்கர் மிகுந்தவிடத்தில் கற்பிப்போர் பலர். ஆனால் தையலிடவும் பிரசவம் பார்க்கவும் இளையவர்க்குக் கிடைக்கும் வாய்ப்பு அவரால் குறைதலும் உண்டு. இரண்டையும் சீர்தூக்குக.

மூன்றாவது, பொருளும் கடமையும். கட்டணம் மட்டும் செலவன்று. விடுதி, உணவு, விடுமுறைப் பிரயாணம் ஆகியவற்றை ஐந்தரை ஆண்டுக்கும் கணக்கிடுதல் வேண்டும். படிப்பு முடிந்தபின் அரசினர்க்கோ, அனுப்பிய திருச்சபைக்கோ சில காலம் ஊழியம் செய்வதாக உடன்படிக்கை எழுதும் இடங்களும் உள. அவ்வூழியத்தைச் சுமை என்று கருதுவோரும் பேறு என்று கருதுவோரும் உண்டு. எவ்வாறாயினும் கையெழுத்திடுமுன் முழுதும் வாசித்தறிதல் கடன்.

எம் இல்லத்திலும் இவ்வினா எழுந்தது. என் தங்கைக்கு வடநாட்டு நகரம் ஒன்றில் பழைய கல்லூரியிலும், எம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் உள்ள புதிய கல்லூரியிலும் இடம் கிடைத்தன. தந்தையார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பெரியப்பா நகரத்துக் கல்லூரியே வேண்டுமென்றார். அம்மா அருகிலிருந்தால் போதுமென்றார். தங்கை இருவர்க்கும் மறுமொழி கூறாமல், புதிய கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குச் சென்று புறநோயாளர் பகுதியில் ஒரு முற்பகல் முழுதும் அமர்ந்திருந்து வந்தாள். பழைய கல்லூரியிற் பயிலும் மூத்த மாணவி ஒருவரிடம் தொலைபேசியில் நெடுநேரம் வினவினாள். பின்னர், “அண்ணா, அங்கே வரிசையில் நின்ற பாட்டிமார் எல்லாரும் நம் ஆச்சியைப் போலவே பேசுகிறார்கள், நான் அங்கேயே படிக்கிறேன்” என்றாள். வேறொருத்தி இதே செய்திகளைக் கொண்டு மறுபக்கம் முடிவு செய்யவும் கூடும், அதுவும் தவறாகாது. தங்கை தன் முடிவைப் பிறர் வாய்ச்சொல்லாற் செய்யாமல் தானே கண்டும் கேட்டும் செய்தாள் என்பதே யான் மெச்சுவது.

இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டிற் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் பயின்றுவந்தார். 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கவே, அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அவரும் இரு கல்லூரிகளுள் ஒன்றைத் தெரிந்தவரே. இக்காலத்து மாணாக்கர்க்கு இடையில் மாறுதல் அத்துணை எளிதன்று. முன்னரே தேர்தல் வேண்டும். ஆனால் 1900இல் வேலூர் திரும்பிய அவரிடம் மருந்துக்கு வந்த பெண்கள், அவர் எக்கல்லூரியினர் என்று வினவியிரார். 1918இல் அவர் தொடங்கிய பள்ளியே இன்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாய் விளங்குகின்றது.

ஆகவே, மாணவ நண்பர்காள், உம்மிடம் யோசனை கேட்கும் தம்பியர் தங்கையர்க்கு இவற்றைச் சொல்லுக. கலந்தாய்வு விதிகள் ஆண்டுதோறும் மாறுமாதலின் அவ்வாண்டின் அறிக்கையையே வாசிக்கச் செய்க. முதற் சுற்றில் இடத்தை விடுதல் எளிது. பிற்சுற்றுக்களில் வைப்புத்தொகையை இழக்க நேரும். இயலுமாயின் ஒரு முற்பகலேனும் அந்த ஆஸ்பத்திரியைச் சென்று காணச் செய்க. முடிவு செய்தபின், கைவிட்ட இடத்தை எண்ணி ஏங்காதிருக்கவும் சொல்லுக. அவ்விடம் வரிசையில் அடுத்து நிற்கும் வேறொரு வீட்டுப் பிள்ளைக்குச் செல்லுமன்றோ? நாள் கடத்தாமல் அதனை விட்டுக்கொடுப்பதும், மருத்துவராகப் போகின்றவர் செய்யும் முதல் உபகாரமாம்.