சுழற்கலப்பையின் உதிரிப் பாகங்கள்

மழை பெய்து நிலம் உழுவதற்கேற்ற பதத்தில் இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் ஒரு டிராக்டர் வரப்போரம் சும்மா நிற்குமானால், அதற்குக் காரணம் பல வேளைகளில் டிராக்டர் அன்று; அதன் பின்னே பூட்டிய கருவியில் ஒடிந்துபோன ஒரு சிறு பாகமே ஆகும். அப்பாகத்தின் விலை சொற்பம். ஆயினும், இன்ன பாகம், இன்ன அளவு என்று கேட்டு வாங்கத் தெரியாமையால் கடைக்கும் வயலுக்குமாக அலைந்து, நிலத்தின் ஈரத்தையும் உழவர் இழந்துவிடுகின்றார்.

துணி நெய்யும் அங்கத்தினர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நூல் வாங்கச் செல்பவர், “நூல் கொடுங்கள்” என்று மட்டும் கேட்பதில்லை. 60-ஆம் நம்பரா, 80-ஆம் நம்பரா என்று சொல்லியே கேட்கின்றார். இயந்திர உறுப்புகளுக்கும் அவ்வாறே பெயரும் எண்ணும் உண்டு. இன்று நம் கிராமங்களில் பெரிதும் வழங்கும் ரோட்டவேட்டர் என்னும் சுழற்கலப்பையை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

கத்தியின் வடிவம்

ஆஸ்திரேலிய நாட்டில் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்பவர், 1912-இல் தம் தந்தையின் பண்ணையில் இக்கருவிக்கான சோதனைகளைத் தொடங்கினார். அவர் முதலில் அமைத்த கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தன. பின்னர், ஆங்கில ‘எல்’ எழுத்தைப் போல் வளைந்த கத்திகளைச் சிறு சுழல் தண்டின்மீது இடைவெளிவிட்டுப் பொருத்தியபோது அக்குறை நீங்கியது. நம் சுழற்கலப்பைகளில் இன்றும் மிகுதியாகக் காணப்படுவது அந்த வடிவமே.

இக்கத்திகளில் வலப்புறம் வளைந்தவை, இடப்புறம் வளைந்தவை என இரு வகை உண்டு. பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு வட்டத் தகட்டிலும் மூன்று வலக்கத்திகளும் மூன்று இடக்கத்திகளும் இருக்கும். இரு கோடிகளிலும் உள்ள தகடுகளில் மட்டும் கத்திகள் உட்புறமாகவே வளைந்திருக்கும். எல்லாக் கத்திகளும் ஒரே நேரத்தில் மண்ணில் விழாமல், ஒன்றன்பின் ஒன்றாக விழும்படி அவை திருகு வரிசையில் அமைக்கப்பட்டுள்ளன. இவ்வரிசை குலைந்தால் கருவி அதிரும். பேரிங்குகள் விரைவில் தேயும். ஆகையால் கத்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றிவிடாமல், ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் ஒன்றை மாட்டிச் செல்வதே நன்று. கத்தியின் கூர்முனை, சுழலும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும்.

கத்தி வாங்கும்போது நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: வலமா இடமா என்பது, தகட்டின் கனம், போல்ட் துளையின் விட்டம், இரு துளைகளுக்கு இடையேயுள்ள தூரம். பழைய கத்தியை மாதிரியாகக் கொண்டு செல்வோர், தேய்ந்த முனையை அளந்து ஏமாறாமல், தேயாத அடிப்பகுதியை அளந்து கொள்ளட்டும். கத்திகள் வெப்பத்தால் பதமேற்றிய எஃகினால் ஆனவை. அவற்றை உலையில் காய்ச்சி அடித்து நீட்டினால் அப்பதம் போய்விடும். மீண்டும் முறைப்படி பதமேற்றாவிடில் அவை விரைவில் மழுங்கும்.

எண்ணே அடையாளம்

பேரிங் ஒன்றின் விளிம்பில் 6208 என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். கடைசி இரு இலக்கங்களாகிய 08-ஐ ஐந்தால் பெருக்கினால் வரும் 40 மில்லிமீட்டரே அதன் உள்விட்டம். வெளிவிட்டம் 80, அகலம் 18 மில்லிமீட்டர். 6308 என்னும் பேரிங்கிற்கும் உள்விட்டம் 40 தான். ஆனால் வெளிவிட்டம் 90, அகலம் 23. தண்டில் சரியாக ஏறுகிறதே என்று வாங்கி வந்தால் அது கூட்டினுள் நுழையாது. முழு எண்ணையும் குறித்துச் சென்றால், எந்த நிறுவனம் செய்த பேரிங் ஆயினும் அளவு பிசகாது.

ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண்கள் உண்டு. அவை பெரும்பாலும் அதன் முகத்திலேயே இருக்கும். போல்ட் வாங்குவதில் இன்னும் விழிப்பு வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட்டும் அரை அங்குல போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். பின்னதன் விட்டம் 12.7 மில்லிமீட்டர். மரையும் வேறு. ஒன்றின் நட்டை மற்றதில் வலிந்து முடுக்கினால் மரை அழியும்; ஓடும்போது கத்தியே கழன்று தெறிக்கவும் கூடும்.

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலும் அடையாளம் உண்டு. நிமிஷத்திற்கு 540 சுற்றுக்குரிய தண்டு பொதுவாக 35 மில்லிமீட்டர் விட்டமும் ஆறு பற்களும் உடையது. 1000 சுற்றுக்குரிய ஒரு வகைத் தண்டும் அதே விட்டம் உடையதே. ஆனால் அதற்குப் பற்கள் 21. எனவே விட்டத்தை அளப்பதோடு நில்லாமல் பற்களையும் எண்ணிப் பார்த்தல் அவசியம்.

ஒடிவதற்கென்றே ஓர் ஆணி

இணைப்புத் தண்டுகள் பலவற்றில் ‘ஷியர் போல்ட்’ என்னும் ஓர் ஆணி இருக்கும். கத்தி, கல்லிலோ வேரிலோ சிக்கும்போது இவ்வாணி தானே ஒடிந்து, கியர் பெட்டியைக் காக்கின்றது. அடிக்கடி ஒடிகிறதே என்று சலித்து, அவ்விடத்தில் வலிய போல்ட் ஒன்றை மாட்டிவிடுவோர் உளர். அதன் பின் ஒடிவது கியராக இருக்கும்! போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று காணும் எண்கள் அதன் வலிமையைக் குறிப்பவை. எண் உயர உயர வலிமையும் உயரும். கையேட்டில் குறித்த அளவும் எண்ணும் உடைய போல்ட்டையே வாங்கி, கருவிப் பெட்டியில் சிலவற்றை எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும்.

உயிர் காக்கும் உறை

எல்லா உதிரிப் பாகங்களிலும் மேலானது இணைப்புத் தண்டின்மீதுள்ள பிளாஸ்டிக் உறை. உடைந்தால் பலர் மாற்றாமல் விட்டுவிடுவது இதனைத்தான். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டு அந்த வேகத்தில் சுழன்றால், நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும். நான்கு முழ வேட்டி இரண்டு நொடிக்குள் உள்ளே போய்விடும். கத்துவதற்கும் நேரமிராது. உறையின்றித் தண்டை ஓட்டலாகாது. அது ஓடும்போது வேட்டி, துண்டு, சேலை முந்தானை எதுவும் அருகே வரலாகாது. கருவியின் அடியில் வேலை செய்யுமுன் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, தூக்கிய கருவிக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்தல் வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் புகுதல் பேரபாயம்.

அன்றாடப் பராமரிப்பு

வேலை தொடங்குமுன் கத்தி போல்ட்டுகளை முடுக்கிப் பார்த்தல், இணைப்புத் தண்டின் மூட்டுகளுக்குக் கிரீஸ் இடுதல், கியர் பெட்டியிலும் பக்கப் பெட்டியிலும் எண்ணெய் மட்டம் காணுதல் ஆகியவை நாள்தோறும் செய்யத்தக்கவை. மாலையில் சுழல் தண்டில் சுற்றிய வைக்கோலையும் கொடியையும் அறுத்தெடுக்க வேண்டும். இல்லையேல் அவை ஆயில் சீலைக் கிழிக்கும். சீல் கிழிந்தால் எண்ணெய் வெளியேறும். சேறு உள்ளே புகும். அதன் பின் பேரிங்கும் கெடும். மலிவான சீல் ஒன்றைக் கவனியாமல் விடுவதால் வரும் செலவு இவ்வாறு பெருகுகின்றது.

சங்கம் செய்யத்தக்கது

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, வேளாண் கருவிகளை வாடகைக்கு விட்டு வருகின்றன. இத்தகைய சங்கம் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். பெயர்த் தகட்டிலுள்ள மாடல், வரிசை எண், செய்த ஆண்டு ஆகியவற்றை முதற்பக்கத்தில் எழுதி, தகட்டைக் கைபேசியில் படமெடுத்தும் வைக்கலாம். தகடு துருப்பிடித்துப் போனாலும் படம் இருக்கும். பேரிங், சீல், கத்தி, போல்ட் இவற்றின் எண்களை அடுத்த பக்கங்களில் குறிக்கலாம். புதுக் கருவி வாங்கும் போதெல்லாம் வேறு வேறு மாடல்களை வாங்காமல், இயன்றவரை ஒரே மாடலை வாங்கினால், ஒரு பெட்டி உதிரிப் பாகங்களே எல்லாவற்றுக்கும் பயன்படும்.

தனி ஒருவர் கத்தி, சீல், பேரிங் அனைத்தையும் வாங்கி இருப்பு வைத்தல் இயலாது. ஊருக்கு ஒரு சங்கம் அவற்றை உழவுப் பருவத்திற்கு முன்பே வாங்கி வைத்தல் எளிது. பலர்க்கும் பொதுவான தேவையைப் பலரும் கூடி நிறைவேற்றுவதற்கன்றோ கூட்டுறவு ஏற்பட்டது? வருகின்ற பருவத்திற்கு முன் நடக்கும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை எடுத்துரைப்பார்களாக.